கதவின் ஒரு பக்கம் தொங்கிய வேப்பிலை

1

போன சனிக்கிழமை, எதிர்வீட்டுக்குப் போகவேண்டிய பார்சல் ஒன்று தவறி எங்கள் வாசலுக்கு வந்திருந்தது. நாங்கள் இருப்பது அடிலெய்டு நகரத்தின் ஓரத்தில். எதிர்வீட்டில் மார்கரெட் என்கிற ஓய்வுபெற்ற ஆசிரியை தனியாக இருக்கிறார். அவர் மரத்து எலுமிச்சை எங்களுக்கு வரும், எங்கள் செடியின் கறிவேப்பிலை அவருக்குப் போகும். அந்த அளவுக்குப் பழக்கம்.

பார்சலைத் தூக்கிக்கொண்டு சாலையைத் தாண்டினேன். படி ஏறி, மணியை அழுத்தக் கையை நீட்டியபோதுதான் கதவைப் பார்த்தேன். பச்சை இலைக் கொத்து ஒன்று கதவின் இடது பக்கமாகத் தலைகீழாகத் தொங்கியது.

என் கால்கள் என்னைக் கேட்காமல் பின்னால் போயின. பார்சலைத் திரும்ப எடுத்துவந்து மேசைமேல் வைத்துவிட்டு, சோப்புப் போட்டு இரண்டு முறை கை கழுவினேன். முதல் முறை கழுவி முடித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. இது டிசம்பர் மாதம். இங்கே கிறிஸ்துமஸுக்குக் கதவில் இலை வளையம் மாட்டுவார்கள். இத்தனை வருடமாக நான் பார்த்ததெல்லாம் கடையில் வாங்கிய வளையம், சிவப்பு ரிப்பன் கட்டியது. மார்கரெட் இந்த முறை தன் தோட்டத்துத் தைலமரத்தில் நாலு கிளையை ஒடித்துக் கொத்தாகக் கட்டிவிட்டார். அவ்வளவுதான் விஷயம். தெரிந்த பிறகும் இரண்டாம் முறை கழுவினேன்.

என் மகள் தாரிணி சன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதினேழு வயது. ஏன் திரும்பி வந்துவிட்டாய் என்று கேட்டாள். மார்கரெட் வீட்டில் இல்லை என்றேன். கார் நிற்கிறதே என்றாள். நான் கை துடைக்கத் துண்டைத் தேடினேன். அவளும் வற்புறுத்தவில்லை. சில விஷயங்களை எங்கள் வீட்டில் அப்படித்தான் விட்டுவிடுகிறோம்.

விடாமல் எழுதிவிடலாம் என்று இன்று உட்கார்ந்திருக்கிறேன். ஊரில் இருக்கும் நீங்கள் படித்தால் என்னைவிடச் சீக்கிரம் புரிந்துகொள்வீர்கள்.

2

தாரிணிக்குப் பதினோரு வயது நடந்த டிசம்பரில் அவளும் நானும் திருத்தணிக்கு வந்திருந்தோம். அக்கா வீடு மலையடிவாரத்தில் இருக்கிறது. அக்காவின் கணவரை நான் பாவா என்றுதான் கூப்பிடுவேன். வீட்டில் பேசுவது தமிழ்தான், ஆனால் எங்கள் பக்கத்தில் அப்பா நைனா, அக்கா புருஷன் பாவா. பாவாவுக்குச் சர்க்கரை ஆலையில், கரும்பு லாரிகளை எடை போடும் இடத்தில் வேலை.

வருடக் கடைசி நாளில் மலைப்படிகளுக்குப் பூசை நடக்கும் அல்லவா, அதற்கு அழைத்துப் போனோம். முந்நூற்று அறுபத்தைந்து படிக்கும் மஞ்சள் குங்குமம், கற்பூரம். தாரிணி போனில் படம் பிடித்தபடியே பின்பக்கமாக ஒரு படி இறங்கினாள். ஈர மஞ்சள் வழுக்கியது. கணுக்கால் எலும்பு முறிந்தது.

கட்டுப் பிரித்து நடை பழகும்வரை பயணம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கோ ஜனவரிக் கடைசியில் வேலைக்குத் திரும்பியாக வேண்டும். விட்டுவிட்டுப் போக மனமில்லாமல் நான் அழுததைப் பார்த்து அக்கா சிரித்தாள்.

“உன் பொண்ணு இன்னா காட்லயா இருக்கப் போவுது? எங்கூடத்தான இருக்குது. கால் சரியானதும் உங்க பாவா இட்டாந்து வுட்டுட்டு, அப்படியே கங்காருவையும் பாத்துட்டு வருவாரு.”

பாவாவுக்கு விசா வாங்கினோம். மார்ச் கடைசியில் டிக்கெட். அந்த நாள் வருவதற்குள் இங்கே எல்லையை மூடினார்கள், அங்கே விமானங்களை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு ஒன்றரை வருடத்துக்கும் மேல் என் மகளை நான் தொட்டுப் பார்க்கவில்லை.

3

இங்கே எங்கள் பக்கம் நோய் அதிகம் வரவில்லை. விதிகள் மட்டும் வந்தன. ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அது எவ்வளவு என்று மக்களுக்குப் புரிய, ஒரு பெரிய கங்காருவின் நீளம் என்று படம் போட்டு ஒட்டினார்கள். தாரிணியிடம் போனில் அதைச் சொன்னேன். கங்காரு அளவு தள்ளி நில், யார் வந்தாலும் கங்காரு அளவு. பாவா பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

“இந்த ஊர்ல எவன் கங்காருவப் பாத்தான்? காவடி அளவு தள்ளி நில்லுன்னு சொல்லு. காவடிக்காரன் திரும்பனா எவ்ளோ எடம் வேணும்னு எல்லாருக்கும் தெரியும்.”

அதன் பிறகு எங்கள் குடும்பத்தில் காவடிதான் அளவு. மலைக்கோயில் மூடிக்கிடந்தது. ஆடிக் கிருத்திகைக்கு ஒரு காவடியும் மலை ஏறாத அந்த வருடம், அக்கா வீட்டுக்குள் மட்டும் தினமும் காவடியைப் பற்றிப் பேச்சு.

தாரிணியின் தமிழ் அப்போது பாதிப் பாதிதான். முதல் வாரம் பால் வாங்கப் போன இடத்தில் ஒருவர் அவளிடம், “தள்ளி நில்லும்மா” என்றாராம். அவள் சுற்றிலும் பார்த்துவிட்டு, “யாரைத் தள்ளணும்?” என்று கேட்டிருக்கிறாள். தெருவே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்ததாம். பாவா இன்றும் எனக்குப் போன் செய்தால், “உன் பொண்ணு எத்தினி பேரத் தள்ளுச்சு?” என்றுதான் ஆரம்பிப்பார்.

ஒருநாள் ரேஷன் கடை வாசலிலிருந்து தாரிணி வீடியோவில் கூப்பிட்டாள். தரையில் சுண்ணாம்பால் வரிசையாக வட்டம் போட்டிருந்தார்கள், நல்ல இடைவெளியுடன். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் ஒரு செருப்பு, அல்லது ஒரு துணிப்பை, ஒன்றில் அரைச் செங்கல். மனிதர்கள் எங்கே என்று கேட்டேன். போனைத் திருப்பினாள். எல்லாரும் பக்கத்து மரநிழலில் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். சிலருக்கு மாஸ்க் தாடையில் இருந்தது. செருப்புகள் மட்டும் விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தன.

தாரிணி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய செருப்பு எங்கே, அவள் எங்கே நிற்கிறாள் என்று கேட்டேன். அவள் மட்டும் வெயிலில், வட்டத்துக்குள் நின்றிருந்தாள். தள்ளி நிற்கச் சொன்னால் நிற்கும் பிள்ளை. நான் சொன்னதை அப்படியே செய்யும் பிள்ளை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

4

அவளை அழைத்துவர நான் போட்ட விண்ணப்பங்களைப் பற்றி எழுதினால் அதுவே ஒரு புத்தகம். நாட்டைவிட்டு வெளியே போக அனுமதி வேண்டும். போனவர் திரும்பி வர இடம் கிடைக்குமா என்பது தெரியாது. வந்துகொண்டிருந்த ஒன்றிரண்டு சிறப்பு விமானங்களில் பெரியவர் துணையில்லாத பிள்ளைகளை ஏற்ற மாட்டார்கள். பாவா துணைக்கு வரலாம் என்றால் அவர் இந்நாட்டுக் குடிமகன் இல்லை.

எல்லாவற்றையும்விட என்னைத் தடுமாறவைத்தது பெயர். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் இருப்பது என் நைனாவின் பெயர். என் கணவருக்கு அவருடைய அப்பாவின் பெயர். தாரிணிக்கு என் கணவரின் பெயர். ஒரே வீட்டில் மூன்று பேர், மூன்று குடும்பப் பெயர். நீங்கள் இந்தப் பிள்ளைக்கு என்ன உறவு என்று கேட்டு மறுபடி மறுபடி மின்னஞ்சல் வந்தது. எங்கள் ஊரில் குடும்பப் பெயரே கிடையாது, முன்னெழுத்து மட்டும்தான் என்று ஒரு பக்கத்துக்கு விளக்கி எழுதினேன். முன்னெழுத்தை நிரூபிக்கும் சான்றிதழ் இருந்தால் இணைக்கவும் என்று பதில் வந்தது. என் கணவர் அதை வாசித்தார். பிறகு எழுந்துபோய் தாரிணியின் சைக்கிளுக்குக் காற்று அடித்தார். மாதம் ஒருமுறை அடித்துக்கொண்டிருந்தார்.

அவள் அங்கே மாறிக்கொண்டிருந்தாள். முதலில் போனில் ஆங்கிலத்தில் பேசியவள், பிறகு கலந்து பேசினாள். ஒரு நாள் ‘சாப்டுகினு இருக்கேம்மா’ என்றாள். இங்கே வளரும் பிள்ளைகள் நம்மைவிட்டு விலகிப் போகிறார்கள் என்று கவலைப்பட்டு நாங்கள் சனிக்கிழமை தமிழ் வகுப்பு நடத்துகிறவர்கள். என் பிள்ளை எனக்கு எதிர்த்திசையில் விலகிக்கொண்டிருந்தாள்.

5

அக்கா வீட்டுக்கு எதிரில் ஒரு தையற்காரம்மா இருக்கிறார். தெருவுக்கே அவர் டைலரம்மா. ஐம்பது வயதிருக்கும். கணவர் இறந்துவிட்டார், மகன் பெங்களூரில். ரவிக்கைக்கு வாங்கி வைத்திருந்த லைனிங் துணியில் தெருவில் உள்ள எல்லாருக்கும் மாஸ்க் தைத்துக் கொடுத்தவர். தாரிணி அவருக்கு நாடா வெட்டிக் கொடுப்பாள். இருவருக்கும் நல்ல ஒட்டுதல். தாரிணி தப்பாகப் பேசும் தமிழ் அவருக்குப் பிடிக்கும்.

அடுத்த வருடம் வெயில் காலத்தில் நோய் மறுபடி வந்தது. முதல் முறை வந்தது ஒத்திகை என்று தோன்றும்படி வந்தது. அந்த வாரங்களில் ஊரிலிருந்து வந்த செய்திகளை நான் எழுதப் போவதில்லை. உங்களுக்கே தெரியும்.

அப்போது எனக்கு முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. இப்போதும் அங்கேதான். வாசல் மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களின் காய்ச்சலைப் பார்த்து, பெயர் எழுதி, தள்ளி நிற்கச் சொல்லி உள்ளே அனுப்புவேன். எந்த அறையில் யாருக்குத் தொற்று என்றாலும், சாதாரணச் சளிதான் என்றாலும், அந்த அறைக் கதவில் சிவப்பு அட்டை ஒட்டுவதும் என் வேலை. அட்டையைப் பார்த்தால் யாரும் உள்ளே போக மாட்டார்கள்.

ஒரு நண்பகல் நேரத்தில் தாரிணி கூப்பிட்டாள். அங்கே காலை எட்டு மணி. என் முன்னால் இரண்டு பேர் வரிசையில் நின்றிருந்தார்கள்.

“அம்மா, டைலரம்மா வூட்டு கதவுல வேப்பில கட்டி வச்சிருக்காங்க. நம்ம வூட்ல மேல தோரணம் மாதிரி கட்டியிருக்கோம்ல, அப்படி இல்ல. கொத்தா, ஒரு பக்கமா தொங்குது. அது ஏன்?”

அக்கா வீட்டு நிலையில் வேப்பிலைத் தோரணம் இருப்பதை வீடியோவில் ஒரு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தெரு முழுக்கவே கட்டியிருந்தார்கள், நோய் வராமல் இருக்க. அதுதான் என் மனதில் இருந்தது.

“வேப்பிலை கிருமிய அண்டவிடாது கண்ணு. கட்டியிருந்தா சுத்தமான வீடுன்னு அர்த்தம்.”

“அப்போ நான் போலாமா? பெரிம்மா போவக்கூடாதுன்றாங்க. ஏன்னு கேட்டா சொல்ல மாட்டேன்றாங்க.”

வரிசையில் முதலில் நின்றவர் தன் அம்மாவுக்குக் கொண்டுவந்த பூங்கொத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். அவரைக் காக்க வைக்கிறோமே என்று எனக்கு அவசரம்.

“மாஸ்க் போட்டுகிட்டுப் போ. வாசல்லயே நில்லு. உள்ள போகாத.”

சரி என்று வைத்துவிட்டாள். நான் பூங்கொத்துக்காரரின் நெற்றியில் கருவியைக் காட்டினேன்.

6

அதற்குப் பிறகு நாலு நாள் தாரிணி போனில் வரவில்லை. அக்காதான் எடுத்தாள். பாப்பா தூங்குது. பாப்பா குளிக்குது. மாடியில படிச்சுகினு இருக்குது. சார்ஜ் போயிடும் போல, அப்புறமா பண்றேன். நான் கேட்டதற்கெல்லாம் பதில் இருந்தது. எல்லாப் பதிலும் கொஞ்சம் வேகமாக வந்தது. கோபித்துக்கொண்டிருக்கிறாள் போல என்று நினைத்தேன். ஒரு வாரத்துக்கு முன்னால்தான், இந்தியாவிலிருந்து எங்கள் நாட்டுக்கு இனி யாரும் வரக்கூடாது, குடிமக்களும் கூட, என்று அறிவித்திருந்தார்கள். அவளுக்கு எங்கள்மேல் கோபம் வர அதுவே போதும்.

ஐந்தாம் நாள் அக்கா வீடியோவில் பேசும்போது பால்காரர் மணி அடித்தார். போனைக் கையில் பிடித்தபடியே பாக்கெட்டை எடுக்க வாசலுக்குப் போனாள். படம் ஆடியது. தரை, அவள் புடவை, வானம், பிறகு திரும்பி வரும்போது கதவு. மேலே போன வருடத்துத் தோரணம் காய்ந்து சுருண்டு கிடந்தது. கதவின் இடது பக்கம், தாழ்ப்பாளுக்கு மேலே, புத்தம் புதிய வேப்பிலைக் கொத்து ஒன்று மஞ்சள் நூலில் கட்டித் தலைகீழாகத் தொங்கியது.

எனக்கு ஏழெட்டு வயதில், நாங்கள் பிறந்து வளர்ந்த அதே தெருவில் ஒரு வீட்டுக் கதவில் அப்படி ஒரு கொத்தைப் பார்த்திருக்கிறேன். பள்ளிக்குப் போகிற வழியில் அந்த வீடு. அன்று முதல் என்னைச் சுற்று வழியில் கூட்டிப் போனார்கள். அந்த வீட்டில் என்ன என்று யாரும் வாயால் சொல்லவில்லை. அம்மை போட்டிருக்கும் வீட்டில் அதன் பெயரைச் சொல்லக் கூடாது. சொல்லாமல் இருப்பதற்காகத்தான் இலை. தோரணமாக மேலே கட்டினால் வா என்று அர்த்தம். கொத்தாக ஒரு பக்கம் தொங்கவிட்டால், உள்ளே படுத்திருக்கிறார்கள், வராதே என்று அர்த்தம். எங்கள் ஊரில் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் இது தெரியும்.

இதெல்லாம் ஒரு நொடியில் திரும்பி வந்தது. தினமும் கதவில் சிவப்பு அட்டை ஒட்டுகிற எனக்கு, அந்த நொடி வரை இது நினைவில் இல்லை.

“அக்கா, அந்த இலை யாருக்கு?”

அவள் போனைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பிக்கொண்டாள்.

“உன் பொண்ணுக்குத்தான். பயப்படாத. நேத்துலேர்ந்து காச்சல் எறங்கிகினு இருக்குது.”

அவளைக் காட்டு என்றேன்.

7

நடந்ததைப் பாவாதான் பிறகு முழுதாகச் சொன்னார்.

டைலரம்மாவுக்குக் காய்ச்சல் கண்டதும், தன்னால் தெருவுக்கு எதுவும் வரக்கூடாது என்று அவரே எழுந்துவந்து வேப்பிலையை ஒடித்துக் கட்டியிருக்கிறார். தெரு அதை வாசித்துக்கொண்டது. அக்கா தினமும் சாயங்காலம் ஒரு தூக்குவாளியில் கஞ்சி ஊற்றி அவர் படியில் வைத்துவிட்டு, குரல் கொடுத்துவிட்டு வந்துவிடுவாள். இரண்டு நாள் தூக்கு உள்ளே போனது. மூன்றாம் நாள் வைத்தது வைத்தபடியே இருந்தது. வாய்க்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது, காலையில் வேறு ஏதாவது வைக்கலாம் என்று அக்கா நினைத்திருக்கிறாள். பாவா ஆலைக்குப் போகும்போது அதைப் பார்த்திருக்கிறார். மகன் போன் செய்து பார்த்துக்கொள்வான் என்று அவர் நினைத்திருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்கள், அக்கா பார்த்துக்கொள்வாள் என்று நினைத்திருக்கிறார்கள்.

தாரிணி மாடியிலிருந்து பார்த்தாள். தூக்கின் மூடியைக் காக்கை கொத்திக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகுதான் எனக்குப் போன் செய்திருக்கிறாள். இலையைப் பற்றிக் கேட்டாள், தூக்கைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லும் அளவுக்கு நான் நேரம் கொடுக்கவும் இல்லை.

மாஸ்க் போட்டுக்கொண்டு போய் வாசலில் நின்று கூப்பிட்டிருக்கிறாள். பதில் இல்லை. கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. சுத்தமான வீடுதானே என்று இலையை ஒதுக்கிவிட்டுக் கதவைத் தள்ளியிருக்கிறாள். டைலரம்மா தையல் இயந்திரத்தின் காலடியில் தரையில் கிடந்தார். கண் திறந்திருந்தது, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது, பேச முடியவில்லை. தாரிணி அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு தண்ணீர் கொடுத்திருக்கிறாள். பிறகு வெளியே ஓடிவந்து கத்தியிருக்கிறாள்.

ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். பாவா ஆலையிலிருந்து வந்து, மாஸ்க்குக்கு மேல் துண்டையும் சுற்றிக்கொண்டு, தெரிந்தவரின் லோடு ஆட்டோவில் படுக்க வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அவருக்கு ஒன்றும் வரவில்லை. தாரிணியை மாடி அறையில் தனியாக வைத்தார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது, சோதனையில் தெரிந்தது. அக்கா போய் வேப்பிலை ஒடித்துவந்தாள்.

“அந்த இலையப் பாத்துட்டு தெருவே எட்டிப் போச்சும்மா, நானுந்தான். அதப் படிக்கத் தெரியாத ஒண்ணுதான் உள்ள பூந்துச்சு” என்றார் பாவா. அவர் என்னைக் குத்திக் காட்டவில்லை. தன்னைச் சொல்லிக்கொண்டார்.

அக்கா மட்டும் ஒருமுறை கேட்டாள்.

“நான் போவாதன்னு சொல்லிகினு இருக்கேன், அது உன்கிட்ட கேட்டுட்டுப் போயிருக்குது. நீ இன்னாடி சொன்ன அதுகிட்ட?”

மாஸ்க் போட்டுகினு வாசல்ல நில்லுன்னுதான் சொன்னேன் என்றேன். அது பொய் இல்லை. உண்மையின் பாதிகூட இல்லை. அதற்கு முந்தின வாக்கியத்தை நான் சொல்லவில்லை. இன்றுவரை அக்காவிடம் சொல்லவில்லை. அவள் இதை வாசிப்பாள்.

8

தாரிணிக்கு மூன்று நாள் காய்ச்சலோடு போயிற்று. வாசனை தெரியாமல் இரண்டு மாதம் இருந்தது. டைலரம்மா ஆஸ்பத்திரியில் பல நாள் இருந்துவிட்டு, பாதி உடம்பாகத் திரும்பினார். வந்ததும் அக்காவிடம் என் எண்ணை வாங்கிப் பேசினார்.

“உங்க பொண்ணுக்கு பயமே இல்லம்மா. யாரும் வரக்கூடாதுன்னுதான் நான் கட்டிகினேன். அத்தத் தாண்டிகினு வந்துச்சு பாரு. நல்லா வளத்துருக்கீங்க.”

இல்லைங்க, அவளுக்கு அர்த்தம் தெரியாது, தப்பாகச் சொன்னது நான் என்று சொல்லியிருக்க வேண்டும். “ஆங்” என்றேன். அவ்வளவுதான் வந்தது. வளர்ப்புக்குக் கிடைத்த அந்தப் பாராட்டு என்னிடம் அப்படியே இருக்கிறது. திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை, வைத்துக்கொள்ளவும் முடியவில்லை.

அதற்குச் சில மாதங்கள் கழித்து, கடைசியில் என் கணவருக்கு அனுமதி கிடைத்தது. போய் அழைத்துவந்தார். ஓட்டலில் பதினான்கு நாள் அடைத்து வைத்தார்கள். வெளியே விட்ட அன்று நான் வாசலில் நின்றிருந்தேன். கண்ணாடிக் கதவு திறந்தது. என்னைவிட உயரமாக ஒரு பெண் வந்தாள். ஓடி வருவாள் என்று நினைத்தேன். காவடி அளவு தள்ளி நின்று, வரலாமா என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

அவள் கேட்டது ஒரு வருடம் கழித்து. நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

“நீ கரெக்டா சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டேன்ல?”

“போயிருக்க மாட்ட.”

“அப்போ டைலரம்மா?”

தோசை தீய்ந்துவிடும் என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவள் தட்டை நீட்டினாள். அதோடு விட்டுவிட்டோம்.

அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது என்று நீண்டநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். தெரியும். அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. அந்த நண்பகல் மறுபடி வந்தால், வரிசையில் யாரும் இல்லாமல், நிதானமாக யோசிக்க நேரமும் இருந்தால், நான் அவளிடம் போகாதே என்றுதான் சொல்வேன். டைலரம்மாவின் முகம் தெரிந்தும், அவர் குரலைக் கேட்ட பிறகும் சொல்வேன். அவர் உயிரோடு இருப்பது என் தப்பினால். இலையைச் சரியாகப் படிக்கத் தெரிந்த தெருவில் யாரும் அந்தக் கதவைத் தள்ளவில்லை. நானும் தள்ளியிருக்க மாட்டேன்.

9

பார்சல் மூன்று நாள் எங்கள் மேசைமேலேயே கிடந்தது. செவ்வாய்க்கிழமை மாலை தாரிணி அதைக் கையில் எடுத்தாள். கிறிஸ்துமஸுக்கு வந்தது போலிருக்கிறது, கொடுத்துவிட்டு வருகிறேன் என்றாள். நானும் அவள் பின்னால் எங்கள் கேட் வரை போனேன்.

சாலையின் நடுவில் திரும்பிப் பார்த்தாள்.

“நீ அங்கியே நின்னுகினு இரும்மா. நான் குடுத்துட்டு வந்துடறேன்.”

அவள் வந்து நான்கு வருடத்துக்கு மேல் ஆகிறது, அந்தக் ‘கினு’ இன்னும் அவளைவிட்டுப் போகவில்லை. சாலையைத் தாண்டினாள், படி ஏறினாள். இலைக் கொத்து மணியின் பொத்தானை மறைத்துக்கொண்டிருந்தது. அதை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு அழுத்தினாள். யாரும் வரவில்லை. மறுபடி அழுத்தினாள். மார்கரெட்டின் கார் அங்கேதான் நின்றது. கார் மேல் மூன்று நாள் தூசியும் பூவும் விழுந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். தாரிணி கதவில் காதை வைத்துக் கேட்டாள். கைப்பிடியில் கை வைத்தாள்.

“உள்ள போகாத.”

அது என் குரல்தான். தெருவில் நாயை நடத்திக்கொண்டு போன ஒருவர் நின்று திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தியிருக்கிறேன்.

தாரிணி திரும்பினாள். கோபமாக இல்லை. எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு சாலை.

“எனக்கு இப்போ அந்த எலைக்கு அர்த்தம் தெரியும்மா” என்றாள்.

சொல்லிவிட்டு, கொத்தை ஒதுக்கிப் பிடித்தபடி கதவைத் தள்ளினாள்.

உள்ளேயிருந்து தொலைக்காட்சிச் சத்தமும், அதற்கு மேல் மார்கரெட் சிரிக்கும் சத்தமும் வந்தன. காது கேட்கும் கருவியைக் கழற்றி வைத்திருந்தாராம். அது எனக்குப் பிறகுதான் தெரியும். அந்தச் சிரிப்புச் சத்தம் வரும்வரை நான் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றிருந்தேன். என் மகள் உள்ளே போயிருந்தாள். கதவு திறந்தபடி இருந்தது. அதன் ஒரு பக்கத்தில் இலை ஆடிக்கொண்டிருந்தது.